கிடங்கு என்று நான் எழுதிய வாடி

நான் முப்பத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன மாதம் இப்போதைய மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு என் அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்றார்கள். பேச்சுவாக்கில் ஒருத்தி, “இப்பல்லாம் வேலை சுலபம் மேடம். தெரியாத வார்த்தை வந்தா நாங்க மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறதே இல்ல. கம்ப்யூட்டரே ஏதாவது ஒண்ணு போட்டுடும்,” என்றாள்.

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான்தான் பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் போனபின் எழுத உட்கார்ந்தேன். வாங்கிய பாராட்டுகளோ, பார்த்த பெரிய மனிதர்களோ நினைவுக்கு வரவில்லை. ராயப்பன் என்கிற மீனவர்தான் வந்தார். அவரைப் பற்றி இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். தெப்பக்குளத்தருகே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தட்டச்சும், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சுருக்கெழுத்தும் படித்து முடித்திருந்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை, கன்டோன்மென்ட்டில் ஒரு பழைய பங்களாவில் திறந்திருந்த தற்காலிக அலுவலகத்தில். அங்கே மொத்தம் ஐந்து பேர். மீன்பிடி உரிமம் பற்றி இந்தியாவும் இலங்கையும் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்குக் காகிதங்கள் தயாரிப்பது எங்கள் வேலை.

கடலே இல்லாத திருச்சியில் எதற்கு இந்த அலுவலகம் என்று எல்லோரும் கேட்பார்கள். இலங்கை அதிகாரிகள் விமானத்தில் வந்து இறங்க வசதி. ராமநாதபுரம் கரையிலிருந்தும் தஞ்சாவூர் கரையிலிருந்தும் மீனவர்கள் ரயிலேறி ஜங்ஷனில் இறங்கிவிடலாம். அவ்வளவுதான் காரணம்.

கரையிலிருந்து எத்தனை மைல் வரை ஒரு நாட்டின் சொந்தக் கடல் என்று உலகம் முழுக்க வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்வந்த மீனவர்கள் திடீரென்று ஒருவருக்கொருவர் வெளிநாட்டார் ஆகிவிட்டார்கள். அதனால் ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனையாக ஒரு ஏற்பாடு செய்வது என்று இரண்டு அரசுகளும் பேசின. இந்தப் பக்கத்துப் படகுகள் சிலவற்றுக்கு அவர்களும், அந்தப் பக்கத்துப் படகுகள் சிலவற்றுக்கு நாமும் உரிமம் கொடுப்பது. அதற்கு முன்னால் மீனவர்கள் எந்த மாதத்தில் எங்கே போகிறார்கள், என்ன வலை போடுகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே பதிவாக வேண்டும். அந்த வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் ஆக்குவது நான்.

அலுவலகத்தின் தனி அதிகாரி மாசிலாமணி சார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. எதையும் நின்றுகொண்டுதான் படிப்பார். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வாக்குமூலம் கொடுக்க வந்த மீனவர் கைகட்டி நின்றால், “மொதல்ல உக்காருங்க, அப்புறம் பேசலாம்,” என்பார். அவர் உட்கார்ந்த பிறகுதான் தானும் உட்காருவார். நான் தட்டச்சு செய்த தாளில் சந்தேகமான சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, “இது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?” என்று கேட்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் வேலை கற்றேன்.

அவர் வகுத்திருந்த முறை இது. மீனவர் பேசப் பேச நான் தமிழ்ச் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு அந்த ஆங்கிலத்தை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லி, பேசியவரிடம் சரிதானா என்று கேட்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் கைநாட்டு. அர்த்தம் தெரியாத சொல் வந்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டு, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுத வேண்டும்.

“எடத்த விட்டுருங்க,” என்பார் சார். “வெத்து எடத்தப் பாத்தா இது என்னன்னு யாராவது கேப்பாங்க. தப்பான வார்த்தையப் பாத்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

சேர்ந்த புதிதில் ஒரு மீனவர், “போன வருசம் பாடே இல்லீங்க,” என்றார். போன வருடம் அவருக்குக் கஷ்டமே இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். திரும்பப் படித்துக் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அய்யய்யோ, பாடுன்னா மீன்பாடும்மா! வலையில ஒண்ணும் விழலேன்னு சொன்னேன். நாங்க பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமா?” சாரும் சிரித்தார். நான் தாளைக் கிழித்துவிட்டு வேறு அடித்தேன். படித்துக் காட்டுகிற முறை எதற்காக இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. மாலையில் நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். “ஏண்டி, அப்படியே உள்ளே வந்துடாதே. கொல்லைப்பக்கமா வந்து ஸ்நானம் பண்ணிட்டு வா. நோக்கு இந்த உத்தியோகம் தேவைதானா?” நான் அவளிடம் சண்டை போடுவேன். அவர்களும் மனுஷர்கள்தானே என்று வாய் கிழியப் பேசுவேன். ஆனால் அலுவலகத்தில் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையில் ஜவ்வாது தடவி வைத்திருந்தவளும் நான்தான்.

ராயப்பன் வந்தது ஆடி மாதத்தில். ராமநாதபுரம் கரையில் ஒரு சிற்றூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு வத்தை, அதாவது பலகைப் படகு, வைத்திருந்தார். பாலக்கரையில் இருந்த உறவுக்காரர்களுக்காக ஒரு மூட்டை கருவாடு கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். வெளியே ஆடிக்காற்றில் மண் பறந்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். அன்றைக்கு அவர்தான் கடைசி ஆள். சார் கலெக்டரைப் பார்க்கப் போயிருந்தார்.

நன்றாகப் பேசினார் ராயப்பன். கையால் மேசைமேல் கரையை வரைந்து காட்டினார். “ஐப்பசி பொறந்து வாடக்காத்து எறங்குச்சுன்னா நம்ம கரை நிக்க விடாதும்மா. வத்தைய அடிச்சு நொறுக்கிரும். அந்தக் கரை ஒதுக்கம். தை வரைக்கும் அங்கிட்டு வாடி போட்டுத்தான் தொழில் பாப்போம். எங்கய்யா காலத்துலயிருந்து அதே எடத்துலதான் வாடி.”

வாடி என்றதும் என் மனதில் வந்தது எங்கள் தெருமுனை விறகு வாடி. மரத்தை அடுக்கி வைத்து எடைபோட்டு விற்கிற இடம். மீனையும் அப்படி அடுக்கி வைத்து விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நொடி சந்தேகம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவப்புப் பென்சில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்தால் அவரிடம் கேட்க வேண்டும், அவர் இன்னும் கால் மணி நேரம் விளக்குவார். அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது. சரக்குக் கிடங்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டேன்.

படித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தி மை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“கடைசியா சொன்னதயும் ஒருக்கா படிச்சுருங்கம்மா,” என்றார் ராயப்பன்.

“எல்லாம் சரியா இருக்கு. இங்க கை வைங்க,” என்றேன்.

அவர் கட்டைவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் கவனமாக வைத்தார். “ரொம்ப நன்றிம்மா, போயிட்டு வரேன்,” என்று கும்பிட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் படியிறங்கியதும் நான் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன்.

ஆவணியில் இலங்கை அதிகாரிகள் மூவர் வந்தார்கள். பங்களாவின் நடுக் கூடத்தில் இரண்டு நாள் பேச்சு. எல்லாம் ஆங்கிலத்தில். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அவர்களில் மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இடைவேளையில் என்னோடு அழகான தமிழில் பேசினார். சின்ன வயதில் கடற்கரையிலேயே வளர்ந்ததாகச் சொன்னார். இரண்டாம் நாள் அவர் ராயப்பனின் வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார்.

மீன் பிடிக்க வருவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் தங்கள் மண்ணில் வெளிநாட்டார் சரக்குக் கிடங்கு வைத்து வியாபாரம் செய்வதை எப்படி அனுமதிப்பது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாசிலாமணி சார் அந்தத் தாளை வாங்கி, எழுந்து நின்று படித்தார். பிறகு மெதுவாக என் நாற்காலிக்கு வந்து குனிந்தார்.

“வைதேகி, இந்தக் கிடங்கு, இது அவர் சொன்னதா?”

கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தச் சுருக்கெழுத்து நோட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பார்க்கிறேன் சார் என்று சொல்லியிருக்கலாம்.

“ஆமா சார். அவர் சொன்னதுதான்,” என்றேன்.

அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் காதில் வாடி என்ற சொல் விழுந்திருந்தால் போதும், அவருக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அவர் ஊரிலும் அதே சொல்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரே சொல்லைப் பேசிய இருவருக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன்.

உடன்படிக்கையில் ஒரு விதி சேர்ந்தது. உரிமம் பெற்ற படகுக்காரர்கள் அடுத்த கரையில் கிடங்கு எதுவும் வைக்கக் கூடாது, வைத்தால் உரிமம் ரத்து, படகு பறிமுதல். புரட்டாசியில் உரிமங்கள் வந்தன. அவற்றின் விதிகளைத் தமிழாக்கியதும் நான்தான். ராயப்பன் நேரில் வந்து வாங்கிக்கொண்டார். நான் விதிகளைப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை முழுவதும்.

“கிடங்கா? நம்மகிட்ட ஏதும்மா கிடங்கு?” என்று சிரித்துவிட்டு, உரிமத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மார்கழியில் ஒரு நாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராயப்பனின் மனைவி சூசையம்மா. விடிகாலை ரயிலில் தனியாக வந்திருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரப் புடிச்சு வச்சுட்டாங்கம்மா. வத்தையவும் எடுத்துக்கிட்டாங்க. உரிமத்தக் காட்டியும் விடலியாம். கிடங்கு வச்சுருந்தாருன்னு கேசு. நாலு மாசம் போட்டுட்டாங்க.”

“அதான் கிடங்கு வைக்கக் கூடாதுன்னு படிச்சுக் காட்டினேனே. ஏன் வச்சார்?”

“கிடங்கு ஏதும்மா? அவரு வாடிதான் போட்டாரு.”

அப்போதுதான், ஐந்து மாதம் கழித்து, நான் கேட்டேன். “வாடின்னா என்னங்க?”

அவள் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். “வாடி தெரியாதாம்மா? நாலு பனை ஓலையக் கட்டி ஒரு கொட்டகை. வலையக் காயப்போட்டு, கஞ்சி காச்சிக் குடிச்சு, ராவைக்குப் படுத்துக்கிட எடம். வத்தைய மேல ஏத்தி வைக்கணும்ல? வாடி இல்லாம வாடக்காத்துல எங்கிட்டு ஒதுங்குறது?”

அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில், எந்தக் குழப்பமும் இல்லாமல், வாடி என்று இரண்டு இடத்தில் இருந்தது.

சார் வரும்வரை அவளோடு இருந்தேன். அவளிடம் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. சார் வந்ததும் நோட்டையும் வாக்குமூலத்தின் நகலையும் அவர்முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படித்துக் காட்டாததையும், காட்டாததற்கு என்ன காரணம் என்பதையும் சொன்னேன். அவர் வாக்குமூலத்தின் நகலை எடுத்து, நின்றபடியே முழுக்கப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“லெட்டர் எழுதணும். நோட்டை எடுங்க,” என்றார்.

நின்றுகொண்டே சொன்னார், நான் எழுதினேன். தன் அலுவலகத்தின் மொழிபெயர்ப்பில் பெரும் பிழை நேர்ந்துவிட்டது, சாட்சி சொன்னது தங்குவதற்கான ஓலைக் கொட்டகையை மட்டுமே, அந்தப் பிழைக்குத் தானே பொறுப்பு என்று கடிதம் போயிற்று.

“என் பேரையும் போட்டுடுங்க சார்.”

“கையெழுத்து என்னுது வைதேகி.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு வராந்தாவுக்குப் போய் சூசையம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, தவறு எங்களுடையது என்று அவரே சொன்னார். அவள் யார் தவறு என்று கேட்கவில்லை. எப்போது விடுவார்கள் என்று மட்டும் கேட்டாள்.

கடிதம் சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போனது. பதில் வருவதற்குள் ராயப்பன் நாலு மாதத்தையும் கழித்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். வத்தையை ஏலம் விட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு உரிம ஏற்பாட்டை நீட்டிக்க இரண்டு பக்கமும் ஆர்வம் காட்டவில்லை. எங்கள் அலுவலகத்தை மூடினார்கள். சாரிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவர் எழுதிக்கொடுத்த விளக்கத்திலும் என் பெயர் இல்லை. அவருக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. வேறு மாவட்டத்தில் ஏதோ ஒரு மூலைக்கு மாற்றினார்கள்.

அந்தக் கடைசி மாதங்களில் வாக்குமூலங்களை அவரே படித்துக் காட்டினார். நான் தட்டச்சு மட்டும் செய்தேன். என் தாள்களில் அவர் புள்ளி வைப்பதையும் நிறுத்திவிட்டார். போகும்போது எனக்கு ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தார். நேரம் தவறாதவர், தட்டச்சில் பிழை செய்யாதவர் என்று அதில் இருந்தது. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தாளைக் காட்டித்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை நிரந்தரமாயிற்று. படித்த யாருக்கும் அதில் விட்டுப்போனது கண்ணில் படவில்லை. சாருக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். நலம், நலமறிய ஆவல் என்று கார்டில் பதில் வந்தது. அதற்குப் பிறகு எழுதத் தைரியம் வரவில்லை.

ராயப்பனைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. ஊர் பெயர் தெரியும், ரயில் இருந்தது, எனக்கு லீவும் இருந்தது. போகவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. நிலம் கொடுத்தவர்களின் மனுக்களைச் சரிபார்க்க எங்கள் அதிகாரியோடு அங்கே போயிருந்தேன். பொட்டல் வெயிலில் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஜல்லி சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூடையை இறக்கிவிட்டு என்னை நோக்கி வந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. “அம்மா, என்னத் தெரியுதா? ராயப்பன்,” என்றார்.

நான் தலையசைத்தேன். அவர்தான் பேசினார். வத்தை போனபின் கொஞ்ச நாள் அடுத்தவர் படகில் போனாராம். ஒத்துவரவில்லையாம். பாலக்கரை உறவுக்காரர்கள் இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டார்களாம். சூசையம்மாவும் இங்கேதான் சித்தாள் வேலை பார்க்கிறாளாம். எந்தக் கோபமும் இல்லாமல், பழகிய மனிதரைப் பார்த்த சந்தோஷத்தோடு சொன்னார்.

“கோர்ட்டுல நீங்க உண்மையைச் சொல்லலியா, ராயப்பன்? வாடிதான்னு சொல்லியிருக்கலாமே,” என்று கேட்டேன்.

“அத ஏம்மா கேக்குறீங்க! நீங்க எழுதுன காயிதத்தக் காட்டுனாங்க. கிடங்கு வச்சுருந்தேன்னு இதுல நீ சொல்லியிருக்கியே, இது ஒன் கைநாட்டான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்ப நீ சொன்னதுதானான்னு கேட்டாங்க. எனக்குக் கொஞ்சம் கொளப்பமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். படிச்சவங்க பாசையில வாடியத்தான் கிடங்குன்னு சொல்லுவாங்க போலருக்கு. அந்தம்மா தப்பா எழுதியிருக்க மாட்டாங்க. இல்லேன்னு நான் சொன்னா ஒங்களுக்குல்ல கெட்ட பேரு? வேதப் பொஸ்தகத்தத் தொட்டு, ஆமாய்யா, நான் சொன்னதுதான்னுட்டேன்.”

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேர் பார்க்க, அந்தப் பொட்டலில் நின்று அழுதேன். “நான் எழுதினது தப்பு, ராயப்பன். வாடிக்கும் கிடங்குக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு அர்த்தம் தெரியல. உங்கள்ட்ட கேக்கவும் இல்ல, படிச்சுக் காட்டவும் இல்ல. உங்க வத்தை போனது என்னாலதான்.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தைவிட்டுப் போயிற்று. வத்தையைப் பற்றிக் கேட்பார், சிறையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

“அப்ப நான் வேதத்தத் தொட்டுப் பொய்யில்ல சொல்லியிருக்கேன்,” என்றார்.

“பொய் உங்களோடது இல்ல.”

அவர் தலையை ஆட்டினார், நான் சொன்னதை ஏற்காதவராக. தூரத்தில் மேஸ்திரி கூப்பிட்டார். ராயப்பன் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து கூடையைப் பிடித்தார்.

“வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல சாமியார்கிட்ட இந்தப் பொய்யச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிரணும்மா,” என்று சொல்லிவிட்டு, ஜல்லியைத் தூக்கிக்கொண்டு மற்ற ஆட்களோடு நடந்தார்.